நாற்பது பேர் மூச்சுவிடும் கூடம்

அறிவுச்செல்வன் பதினான்கு வருடம் போட்டித் தேர்வு எழுதியவர். இருபத்திரண்டு வயதில் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து முதல் குரூப் ஃபோர் எழுதினார். முப்பத்தாறு வயதில் கடைசியாக எழுதிய குரூப் டூ ஒன்றரை மதிப்பெண்ணில் கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எழுதவில்லை. வயது வரம்பு ஒன்றும் தடுக்கவில்லை, விண்ணப்பம் போட மனம்தான் வரவில்லை.

அவருக்குப் படிப்பு போதாமல் இல்லை. திருவண்ணாமலையில் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சந்தேகம் கேட்டு அவரிடம்தான் வருவார்கள். நான்கு விடைகளில் இரண்டை உடனே நீக்கிவிடுவார். மீதி இரண்டில்தான் சிக்கல். இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் நியாயம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குள் மணி அடித்துவிடும். அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகளைப் படித்துத்தான் சிந்துஜா முதல் தடவையிலேயே தேர்வாகி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். மனைவி தேர்வானதில் அவருக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது முக்கால்வாசி உண்மை.

கொரோனா ஓய்ந்த அடுத்த வருடம், வேலூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியைப் பிடித்து ‘எழில் ரீடிங் ஹால்’ ஆரம்பித்தார். பிளைவுட்டால் தடுத்த நாற்பது இருக்கை. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, செல்போன் சார்ஜ் போட ஒரு இடம். காலை ஐந்து மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பது வரை. தன் பதினான்கு வருடத்தில் எங்கெல்லாம் உட்கார்ந்து படித்தோமோ அங்கெல்லாம் எது எது தொந்தரவாக இருந்ததோ அது ஒன்றும் இங்கே இருக்கக் கூடாது என்று நினைத்துக் கட்டிய கூடம் அது. ரோட்டுப் பக்கத்துச் சன்னல்களில் ஹாரன் சத்தம் வந்தது. பிளைவுட் அடித்து மூடினார். மலைப் பக்கத்துச் சன்னல்களில் பிற்பகல் வெயில் அடித்து லேப்டாப் திரை தெரியவில்லை, குரங்கும் வந்தது. அவற்றையும் மூடினார். இரண்டு ஏசி மாட்டினார். கதவைச் சாத்தினால் உள்ளே பேனா உருளும் சத்தம்கூடக் கேட்கும். அதைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு.

இந்த வருடம் பங்குனி பிறந்த சமயம், இருபத்திரண்டாம் இருக்கையில் உட்கார்ந்து படிக்கும் வளவன் இருமத் தொடங்கினான். இருபத்தாறு வயது. மூன்றாவது தடவை எழுதுகிறான். காலையில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன். அத்தனை அமைதியில் ஒருவன் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். அறிவுச்செல்வன் இரண்டு தடவை சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது வாரம், போய் டாக்டரைப் பார் என்று சொன்னார். போனவன் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை மாடிப்படி முடியும் இடத்தில், முகத்தில் மாஸ்க்கோடு நின்றான். உள்ளே வா என்றதற்கு மறுத்துத் தலையாட்டினான்.

“வேணாண்ணா. டிபின்னு சொல்லிட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். என் புக்கெல்லாம் மட்டும் எடுத்துக் குடுங்கண்ணா.”

அறிவுச்செல்வன் ஒரு படி பின்னால் நகர்ந்தார். அவர் நினைத்து நகரவில்லை, கால் நகர்ந்துவிட்டது. வளவன் அதைப் பார்த்தான். உள்ளே போய்ப் புத்தகங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து படியில் வைத்தார். பிறகு, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தான் சொல்லப் போவதில்லை என்றும், ஆனால் கூட இருந்தவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வருவார்கள் என்றும் வளவன் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். படிக்கட்டில் அவன் இருமிக்கொண்டே இறங்குவது டயர் கடை வரைக்கும் கேட்டது.

மறுநாளே வந்தார்கள். காசநோய்ப் பிரிவில் வேலை செய்யும் ஜோதியம்மாள் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் ஒரு பதிவேடு. மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி வந்தவர் உள்ளே நுழைந்ததும் நடுவில் போய் நின்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“சன்னல் எங்கங்க சார்?”

அறிவுச்செல்வன் பிளைவுட்டைக் காட்டினார். ஜோதியம்மாள் அதை எழுதிக்கொண்டார். யார் யார் எந்த இருக்கை, எத்தனை மணி நேரம் என்று விசாரித்தார். எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, அந்தத் தம்பி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரத்திலேயே அடுத்தவருக்குப் பரப்பும் நிலை போய்விடும், ஆறு மாதத்தில் முழுதாகக் குணமாகிவிடும் என்றார். இந்த நோய் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டுவதல்ல, காற்றில்தான் வரும் என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். வளவன் உட்கார்ந்த நாற்காலியை நேற்றே சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்த அறிவுச்செல்வன் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

இதற்கு ஏதாவது மிஷின் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். தனக்கு மிஷின் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்றார் ஜோதியம்மாள். தங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் சுவரில் உயரமாக ஒரு லைட் மாட்டியிருப்பதாகவும், அது கிருமியைக் கொல்லும் என்று டாக்டர் சொன்னதாகவும், ஆனாலும் அங்கேயும் சன்னலைத் திறந்தேதான் வைத்திருப்பதாகவும் சொன்னார். இதில் முதல் பாதி மட்டும் அறிவுச்செல்வன் மனதில் நின்றது.

விஷயம் இரண்டு நாளில் பரவியது. பதினோரு பேர் வரவில்லை. மீதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் ஏர் பியூரிஃபையர் வாங்கச் சொன்னான். இன்னொருத்தி அது தூசியைத்தான் பிடிக்கும், கிருமி சாக யூவி என்ற புற ஊதா விளக்கு வேண்டும் என்றாள். கற்பூரம் கொளுத்தச் சொன்னவனும் உண்டு. அறிவுச்செல்வன் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ‘பியூரிஃபையர்’, வலது பக்கம் ‘யூவி’ என்று எழுதி, தேர்வுக்குப் படிப்பதுபோல் படிக்க ஆரம்பித்தார்.

படிக்கப் படிக்கக் குழம்பியது. பியூரிஃபையர் என்பது காற்றை இழுத்து, நெருக்கமான ஒரு வடிகட்டி வழியாக வெளியே விடுவது. நல்ல வடிகட்டியாக இருந்தால் தூசி மட்டுமில்லை, கிருமி ஒட்டியிருக்கும் நுண்துளியும் அதில் சிக்கும். இதுவரை தெளிவு. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அறை அளவு படுக்கை அறைக்கானது. அவருடைய கூடம் தொள்ளாயிரம் சதுர அடி. ஒன்று போதாது, குறைந்தது மூன்று வேண்டும். வேகத்தைக் கூட்டினால் சத்தம் போடும், சத்தம் குறைய வேகத்தைக் குறைத்தால் காற்றைச் சுத்தம் செய்வதும் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கானது என்பதை ஒருவர் எங்கோ கடைசி வரியில் எழுதியிருந்தார். வடிகட்டியை வேறு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வலது பக்கம் இன்னும் மோசம். யூவி கிருமியைக் கொல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மனிதர் மேல் படக் கூடாது. அறையில் ஆள் இல்லாதபோது போடலாம் என்றால், ஆள் வந்து உட்கார்ந்து இருமிய பிறகு என்ன செய்வது? ஆள் இருக்கும்போதே உயரத்தில் எரியும் வகை ஒன்று இருக்கிறது, அதை முறையாக அளந்து மாட்ட ஆள் வேண்டும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத புது வகை ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வீடியோ சொன்னது. அப்படி நம்பிவிட வேண்டாம் என்று அடுத்த வீடியோ சொன்னது. யூவி உள்ளேயே வைத்த பியூரிஃபையரும் இருந்தது. அதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதினார்.

சிந்துஜா ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டினாள். நாற்பத்தாறு பக்கம் நிரம்பியிருந்தது.

“அந்தம்மா கேட்டது சன்னலத்தானே. அத எங்கியும் எழுதலியே நீங்க?”

சன்னலைத் திறந்தால் இது ரீடிங் ஹாலா, பஸ் ஸ்டாண்டா என்று அவர் கேட்டார். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் அவர் டவுனுக்குப் போய் மொய்னுதீன் கடையில் நின்றார். ஃபேன், மிக்சி, ஏசி விற்கும் பழைய கடை. மொய்னுதீனின் மகள் ஃபரா இயற்பியல் முதுகலை முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்கு எழில் ரீடிங் ஹாலில்தான் படிக்கிறாள். பதினெட்டாம் இருக்கை. வளவனுக்குப் பின்வரிசை. கடைக்குள் நுழையும்போதே அறிவுச்செல்வனுக்கு அது நினைவு வந்து கால் தயங்கியது. மொய்னுதீன் கோபப்படவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று மகள் சொன்னதாகவும், அவள் படிப்பு நிற்கக் கூடாது என்று தானே மறுபடி அனுப்பியதாகவும் சொன்னார். டீ வரவழைத்தார். பிறகு இரண்டு பியூரிஃபையர்களை இறக்கிக் காட்டினார்.

எது நல்லது என்று அறிவுச்செல்வன் கேட்டார். மொய்னுதீன் இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, கம்பெனிக்காரன் வந்து சொல்றத நானும் அப்படியே சொல்லி வித்துடலாம். ஆனா என் பொண்ணு அங்க உக்காருது. நெசமா சொல்றேன், எது ஜாஸ்தி, எது கம்மின்னு எனக்கே தெரியல.”

விற்கிறவரே இப்படிச் சொன்னதும் அறிவுச்செல்வனுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போனது. இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று எழுந்துகொண்டார். அன்று மாலையே, ஆஸ்பத்திரியில் மாட்டியிருக்கும் லைட் என்று ஜோதியம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டு, ஆன்லைனில் ஒரு யூவி விளக்குக்கு ஆர்டர் போட்டார். அது ஆஸ்பத்திரியில் இருக்கும் வகை அல்ல. இரண்டடி உயரத்தில், ஒரு பீடத்தின் மேல் நிற்கும் குழல் விளக்கு. விலை பியூரிஃபையரில் கால் பங்கு. இத்தனை நாள் யோசித்துவிட்டுக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தியது அவருக்கே ஆறுதலாக இருந்தது.

விளக்கு வந்த மறுநாள் காலை நாலரை மணிக்கே கூடத்துக்குப் போனார். கதவில் ‘உள்ளே வராதீர்’ என்று எழுதி ஒட்டினார். நடுவில் விளக்கை வைத்து, ரிமோட்டை வெளியே நின்று அழுத்தினார். கதவு இடுக்கில் நீல வெளிச்சம் தெரிந்தது. இதுவரை எல்லாம் விளக்கோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தபடிதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாற்பது இருக்கைக்கும் பிளைவுட் தடுப்பு. வெளிச்சம் வளைந்து போகாது. தடுப்புக்குப் பின்னால் நிழல். நிழலில் இருக்கும் கிருமிக்கு என்ன ஆகும்?

அதனால் உள்ளே போனார். எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பீடத்தோடு தூக்கி வரிசை வரிசையாக வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று நினைத்தார். ஆனால் மேஜையில் இடிக்காமல் வைக்க அவ்வப்போது பார்க்க வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் கடையில் வருமே அந்த மாதிரி ஒரு வாடை அடித்தது. கிருமி சாகும் வாடை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நாற்பது இருக்கையும் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லா விடையையும் எழுதிவிட்டு எழுந்து வந்தவர்போல ஐந்து பத்துக்குக் கதவைத் திறந்து வைத்தார்.

பதினோரு மணிக்குக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. பன்னிரண்டு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் கொட்டியது. முகமும் கழுத்தும் வெயிலில் நாள் பூராவும் நின்றவனுக்குப் போலச் சிவந்து எரிந்தன. ஃபராதான் கலெக்டர் ஆபீசுக்குப் போன் செய்து சிந்துஜாவை வரவழைத்தாள். ஆட்டோவில் கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, வெல்டிங் பட்டறையில் வேலையா என்று கேட்டார். இல்லை, ரீடிங் ஹால் நடத்துகிறேன் என்றார் அறிவுச்செல்வன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சிந்துஜா விளக்கைப் பற்றிச் சொன்ன பிறகு இன்னொரு தடவை கண்ணை விரித்துப் பார்த்தார். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், பார்வைக்கு ஆபத்தில்லை, இனி அந்த விளக்கு எரியும் அறைக்குள் நுழையக் கூடாது என்றார். அதிலிருந்து வந்த வாடையும் நெஞ்சுக்கு நல்லதில்லை என்றார்.

இரண்டு நாள் அறிவுச்செல்வன் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். படிக்க முடியாது, வீடியோ பார்க்க முடியாது, நோட்டில் எழுத முடியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் இப்படி எதையும் படிக்காமல் இருந்ததில்லை. வளவன் நினைவுக்கு வந்தான். படியில் அவன் நின்றதும், தன் கால் பின்னால் போனதும். கிருமிக்குப் பயந்தோமா, கூடம் காலியாகிவிடும் என்று பயந்தோமா என்று யோசித்துப் பார்த்தார். அதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. போன் செய்யலாம் என்று நினைத்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சிந்துஜாவை நம்பரைப் போட்டுத் தரச் சொல்லி, எப்படி இருக்கிறாய், மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் கேட்டார். மாத்திரை குமட்டுகிறது, ஆனால் காய்ச்சல் நின்றுவிட்டது என்றான் வளவன். அண்ணா, என் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டான். இல்லை என்றார்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மலைப் பக்கத்துப் பிளைவுட் மூன்றும் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தன. சன்னல்கள் விரியத் திறந்திருந்தன. கூடம் பூராவும் காற்று. யாரோ ஒருவருடைய தாள்கள் பறந்துகொண்டிருந்தன. அவர் இல்லாத இரண்டு நாளும் ஆபீசுக்குப் போகும் முன் கூடத்தைத் திறந்தவள் சிந்துஜா. ஸ்க்ரூ டிரைவரும் அவளுடையதுதான். அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை நடந்தது. என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய் என்றார் அவர். கேட்டிருந்தால் இன்னொரு நோட்டு வாங்கியிருப்பீர்கள் என்றாள் அவள். அன்று இரவு அவர் சாப்பிடாமல் படுத்தார்.

ஆனால் சன்னலைத் திறந்ததோடு குழப்பம் தீர்ந்துவிடவில்லை. சித்திரை வெயில் தொடங்கியிருந்தது. பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை. ஏசியைப் போட்டுச் சன்னலையும் திறந்தால் கரண்ட் போகிறதே தவிரக் குளிர்ச்சி நிற்கவில்லை. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டோரம் தற்காலிக பஸ் நிறுத்தம் போட்டார்கள். வேலூர், சென்னை என்று கூவும் சத்தம் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மலைப் பக்கத்துச் சன்னல் வழியாக வந்ததில் இரண்டு பேர் புத்தகத்தை மூடிவிட்டுப் போனார்கள். இவர்களுக்காகத்தானே சன்னலை மூடினோம் என்று அவருக்குத் தோன்றியது. மூடினால் வளவன், திறந்தால் பஸ்.

ஃபரா தன் கல்லூரிப் பேராசிரியையிடம் கேட்டு உள்ளங்கை அளவில் ஒரு கருவி வாங்கி வந்தாள். நாம் வெளியே விடும் மூச்சு அறையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. சன்னலை மூடி, ஏசி போட்டு, இருபத்தெட்டுப் பேர் இரண்டு மணி நேரம் இருந்த பிறகு பார்த்தார்கள். இரண்டாயிரத்து நானூறு காட்டியது. சன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டதும் அரை மணியில் எண்ணூறுக்கு வந்தது. அறிவுச்செல்வனுக்கு முதல் தடவையாக ஒரு பிடி கிடைத்தது. எண் என்றால் அவருக்குப் புரியும்.

“பாஸ் மார்க் எவ்வளவும்மா இதுக்கு?”

ஃபரா சிரித்துவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்றாள். எண் கம்மியாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான். இது கிருமியை எண்ணுவதில்லை, ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை மட்டும் காட்டுகிறது. பியூரிஃபையர் போட்டால் இந்த எண் இறங்காது, ஆனால் காற்றில் மிதக்கும் துளிகள் குறையும் என்றாள். அறிவுச்செல்வன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மிஷின் போட்டால் எண் இறங்காது, ஆனால் காற்று சுத்தமாகும். சன்னல் திறந்தால் எண் இறங்கும், ஆனால் ரோட்டுத் தூசி வரும். எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்டார்.

“ரெண்டையும் பாக்கணும்ணா. ஒண்ணு மட்டும்தான் சரின்னு ஏன் நெனைக்கிறீங்க?”

நான்கில் ஒன்றுதான் சரி என்று பதினான்கு வருடம் பழகிய மனம் அவருடையது.

அதற்குப் பிறகு நடந்தவை பெரிய தீர்மானங்கள் அல்ல. ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி நடந்தவை. சன்னல்களுக்கு இரும்புவலை அடித்தார். ரோட்டுப் பக்கத்துச் சுவரில் மேலே துளை போட்டு இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். உள்ளிருக்கும் காற்றை அவை ரோட்டுப் பக்கம் தள்ள, மலைப் பக்கத்திலிருந்து புதுக் காற்று வந்தது. மொய்னுதீன் கடையில் இரண்டு பியூரிஃபையர் வாங்கினார். யூவியோ வேறு ஒன்றோ சேர்க்காத, வெறும் வடிகட்டி மட்டும் உள்ள மிஷின். காலையும் மாலையும் சன்னல் திறந்திருக்கும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஏசி. அப்போதும் இரண்டு சன்னல் ஒரு சாண் திறந்திருக்கும், மிஷின் நடு வேகத்தில் ஓடும். நாற்பது இருக்கையை முப்பதாகக் குறைத்தார். உயரத்தில் மாட்டும் யூவியைப் பற்றியும் விடவில்லை. சென்னையில் அதை மாட்டித் தரும் ஒருவருக்குப் போன் செய்தார். கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டார் அவர். கூரைக்குக் கீழே அடித்த ஃபால்ஸ் சீலிங் வரை ஏழரை அடி என்றதும், வேண்டாம் சார், நிற்கிறவர் தலைக்குப் படும் என்று சொல்லி வைத்துவிட்டார். வாங்கிய குழல் விளக்கு செய்தித்தாளில் சுற்றி பீரோவின் மேல் கிடக்கிறது. உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பையில் போடவும் அவருக்குப் பயம்.

எல்லோருடைய எக்ஸ்ரே முடிவுகளும் வந்து சேர்ந்தபோது படிக்கிறவர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. அறிவுச்செல்வனுக்கும் எக்ஸ்ரே சுத்தம். ஆனால் கூடத்தில் அதிக நேரம் இருந்தவர் என்று ஜோதியம்மாள் எடுக்கச் சொன்ன இன்னொரு பரிசோதனையில், அவர் உடம்பில் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. நோய் இல்லை, யாருக்கும் பரவாது, பின்னால் நோயாக மாறாமலிருக்க வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். இது வளவனிடமிருந்து வந்ததா என்று கேட்டார்.

“சொல்ல முடியாது சார். அந்தத் தம்பிகிட்டேருந்தும் வந்திருக்கலாம். பத்து வருசம் முன்னாடி எங்கியோ உக்காந்து படிச்ச எடத்துலேருந்தும் வந்திருக்கலாம். யாருக்குமே தெரியாது.”

வீட்டுக்கு வந்து மாத்திரையை மேஜையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தான் உட்கார்ந்து படித்த இடங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தார். நூலகம், டுடோரியல் கொட்டகை, நண்பன் வீட்டு மாடி, ஒரு லாட்ஜ் அறை. எந்த அறையில் யார் இருமினார்கள் என்று இப்போது யாரைப் போய்க் கேட்பது? சிந்துஜா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முதல் வாரத்து மாத்திரையை விழுங்கினார்.

ஆனி மாதத்தில் வளவன் திரும்பி வந்தான். பரவாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான். அறிவுச்செல்வன் சீட்டைப் படிக்காமல் மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தார். முன்பு இருந்த வரிசையிலேயே அவனுக்கு இடம் இருந்தது. அவன் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவன் பையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனான். யாரும் தலையைத் தூக்கவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். அறிவுச்செல்வன் தன் மேஜையிலிருந்து வருகைப் பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், காலியான அந்த இருக்கையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். மத்தியானம் வரை அங்கேயே இருந்தார். அது தைரியமா, தன் உடம்பிலும் அந்தக் கிருமி இருக்கிறது என்ற எண்ணமா என்று கேட்டால் அவரால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. மறுநாள் ஃபரா தன் புத்தகங்களோடு அந்த இருக்கைக்கு மாறிக்கொண்டாள். இடம் மாறிப் போனவன் ஒரு வாரத்தில் வளவனோடு டீக் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தான். ஆனால் பழைய வரிசைக்குத் திரும்பவில்லை.

போன பதினோரு பேரில் நான்கு பேர் திரும்பியிருக்கிறார்கள். மீட்டரை ஃபரா திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், அறிவுச்செல்வன் சொந்தமாக ஒன்று வாங்கி வாசல் பக்கம் வைத்திருக்கிறார். காலையில் அறுநூறு, மத்தியானம் ஆயிரத்து முந்நூறு வரை போகிறது. ஆயிரத்து முந்நூறு நல்லதா கெட்டதா என்று அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஏறினால் எழுந்து போய்ச் சன்னலை இன்னும் கொஞ்சம் திறக்கிறார். யாராவது வெயில் என்று முனகினால் கொஞ்சம் சாத்துகிறார்.

சென்ற வாரம் செங்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகளைச் சேர்க்க வேண்டும். அங்கே ஏதோ நோய் வந்ததாமே, இப்போது காற்றெல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். முன்பு என்றால் சுத்தம் என்று சொல்லியிருப்பார், இல்லையென்றால் நோயே வரவில்லை என்று சொல்லியிருப்பார்.

“வந்துச்சும்மா. அந்தத் தம்பிக்கு இப்ப சரியாயிடுச்சு. சன்னல் தொறந்து வெச்சிருக்கேன், காத்த வெளிய தள்ற ஃபேன் போட்டிருக்கேன், மிஷினும் ரெண்டு ஓடுது. யாராச்சும் இருமுனா மாஸ்க் குடுத்து டாக்டர்கிட்ட அனுப்பறேன். முழுசா சுத்தமான்னு கேட்டா, எனக்குத் தெரியலம்மா. முன்னவிட நல்லாருக்குது.”

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. சரிம்மா, நேரில் வந்து பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி அறிவுச்செல்வன் போனை வைத்தார். இன்றுவரை அவரிடமிருந்து பதில் வரவில்லை.